குரூசரில் வந்த மாப்பிள்ளை

பைக் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டும். குனிந்து ஓட்டும் வண்டி நல்லதா, சாய்ந்து ஓட்டும் வண்டி நல்லதா? ஸ்போர்ட்ஸ் பைக்கா, குரூசரா? ஜொகூர் பாருவை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இந்த வழக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்கள் என்னதான் பேசுவார்கள் என்று எனக்கும் கவலைதான்.

வழக்கில் ஒரு கட்சி என் வீட்டுக்காரர். அவருடையது ஸ்போர்ட்ஸ் பைக். ஹேண்டல் தாழ்வு, சீட்டு உயரம், கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளி இருக்கும். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தரையில் விழுந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி இருப்பார். மறு கட்சி அவருடைய நெருங்கிய நண்பர். பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறார். உடம்பு பெரிது, குரல் சிறிது. அவருடையது குரூசர். சீட்டு தாழ்வு, ஹேண்டல் அகலம், காலை முன்னால் நீட்டிக்கொள்ளலாம். சலூன் நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி சாவகாசமாக வருவார்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. நான் சாட்சி. ஒரு குரூசர் கீழே விழுந்ததால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. அது விழாமல் ஒழுங்காக நின்றிருந்தால் இந்த வீடும் இல்லை, இந்த மனிதரும் இல்லை. இதை வாயால் சொல்லத் தொடங்கினால் இரண்டு பேரும் பெருமை தங்கள் வண்டிக்குத்தான் என்று இழுத்துக்கொள்வார்கள். அதனால் எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரரை நான் முதலில் பார்த்தது ஒரு மேம்பாலத்துக்கு அடியில். அப்போது எங்கள் இருவருக்குமே சிங்கப்பூரில் ஃபேக்டரி வேலை. தங்கியிருந்தது ஜொகூர் பாருவில், ஆளுக்கொரு மூலையில். தினமும் பைக்கில் பாலத்தைக் கடந்து போய்வருகிறவர்களுக்கு இமிகிரேஷன் வரிசையும் மழையும்தான் பாதி வாழ்க்கை. மழை பிடித்தால் எல்லோரும் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்குவோம். என்னிடம் இருந்தது கப்சாய். இங்கே வீட்டுக்கு ஒன்று நிற்கும் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பெயர். பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் நின்றது. அதன் சொந்தக்காரர் மழையைப் பார்த்தபடி தன் இரண்டு மணிக்கட்டையும் மாறி மாறிப் பிசைந்துகொண்டிருந்தார்.

“இவ்ளோ வலி குடுக்குற வண்டிய எதுக்குங்க ஓட்டுறீங்க?” என்று கேட்டுவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வியா? என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். “இதுல ஏறி உக்காந்தா வேற எதையும் யோசிக்க முடியாது லா. சூப்பர்வைசர் கத்துனது, அம்மாவோட சுகர், எதுவும் ஞாபகத்துக்கு வராது. ரோடு மட்டுந்தான் இருக்கும். அதுக்குத்தான்.”

வேகத்தைப் பற்றி அளப்பார், விலையைப் பற்றி அளப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. மழை விட்டு மற்றவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவர் பின்னால் ஏறிக்கொண்டு மெர்சிங் கடற்கரைப் பக்கம் போக ஆரம்பித்தேன். நண்பரும் அவர் மனைவியும் குரூசரில் வருவார்கள். வழியில் காஹாங்கில் நிறுத்திப் பசியாறுவோம். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட்டு எப்படி இருக்கும் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு துண்டு ரொட்டி அளவுதான் இடம். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவர் முதுகில் போய் மோதுவேன். நண்பரின் மனைவியோ பின்னால் முதுகுச் சாய்மானம் வைத்த சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஓடும் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு, கச்சான் கடலை கொறித்துக்கொண்டே வருவார். நாங்கள் ரொட்டி சானாய் தின்று முடித்துத் தண்ணீர் குடிக்கும்போதுதான் அவர்கள் வந்து சேருவார்கள்.

“எவ்ளோ மெதுவா வந்தா என்னா, ரொட்டி தீந்தா போயிரும்?” என்பார் நண்பர். அவரிடமும் அதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். ஏன் இந்த வண்டி?

“நான் வண்டிய வெளிய எடுக்குறதே யோசிக்கத்தான்,” என்றார். “வீட்டுல பிள்ளைங்க சத்தம். லேபுல மெஷின் சத்தம். இதுல காலை நீட்டிக்கிட்டுப் போனா ஒரு வாரத்து யோசனைய ஒரு காலைலயே முடிச்சிரலாம்.”

ஒருவர் யோசிக்காமல் இருப்பதற்காக ஓட்டுகிறார், ஒருவர் யோசிப்பதற்காக ஓட்டுகிறார். அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். வளைவு, வேகம், சத்தம், சொகுசு என்று எதைச் சொன்னாலும் கொஞ்சம் கிண்டினால் உள்ளே இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும். இடுப்பு வலி வந்ததும் கட்சி மாறுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் சேர்த்துக்கொள்வதில்லை.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊரான சிகாமட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இப்போதும் விட்டபாடில்லை, பாதி நாள் ஓட்டுகிறார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஏற்றிய பிள்ளையை அதன் வீட்டு வாசலில் இறக்க வேண்டும். முச்சந்தியில் இறக்கமாட்டார், கடையில் இறக்கமாட்டார். பிள்ளை இறங்கி, வீட்டுக் கதவு திறந்து, உள்ளே இருந்து ஒரு கை வந்து அதைப் பிடிக்கும் வரைக்கும் வேன் நகராது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஆற்றுத் தண்ணீர் ஏறி ரோட்டில் முழங்கால் அளவு நின்ற ஒரு வருடம், பிள்ளைகளை ஒவ்வொன்றாக இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போய் விட்டுவிட்டு வந்தார்.

வேனில் போகும்போது பெரிய ரோட்டில் ஸ்போர்ட்ஸ் பைக் ஏதாவது சீறிக்கொண்டு தாண்டினால் அப்பா உடனே வேகத்தைக் குறைப்பார். “எமன் போறான் பாரு,” என்பார். சின்ன வயதிலிருந்து இதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த வகை வண்டியை என் அப்பாவுக்குப் பிடிக்காது என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை.

குரூசர் விஷயம் வேறு. அதற்கு என்னிடம் வேறொரு ஞாபகம் இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்யாணம் ஆகாமல் எங்களோடுதான் இருந்தார். நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். ஆக்சிடென்ட் என்றார்கள். அதற்கு மேல் வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை. சாவுக்கு நிறையப் பெரிய பைக்குகள் வந்தன. எல்லாம் தாழ்வான, அகலமான வண்டிகள். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஓட்டி வந்தார்கள். நடக்கிற வேகத்தில், வரிசையாக, எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அப்பா கேட்டருகே நின்று, கடைசி வண்டி போகும் வரைக்கும் இரண்டு கைகளையும் கூப்பியபடி தலைகுனிந்து நின்றார். கோயிலைத் தவிர வேறெங்கும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. இந்த வண்டிக்காரர்கள் பெரிய மனிதர்கள், அப்பாவே கும்பிடுகிறார் என்று என் மனத்தில் பதிந்துபோயிற்று.

மேம்பாலத்துக்கு அடியில் பார்த்தவரைப் பற்றி வீட்டில் சொன்னபோது அம்மா அழுதுவிட்டுச் சிரித்தார். அப்பா வழக்கம்போல் இரண்டே வார்த்தை பேசினார். “வரட்டும். பாப்போம்.” பெரியவர்களோடு முறையாக வருவதற்கு முன்னால் அவர் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவது என்று ஏற்பாடு. அப்பா சரி என்றால்தான் அடுத்தது. அப்பாவை எதிர்த்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவரை விட்டுவிடவும் மனம் இல்லை. அந்த ஒரு காலையில்தான் எல்லாமே இருந்தது.

“என் வண்டியிலயே வரேன்,” என்றார் அவர்.

“வேணவே வேணாம். எங்கப்பா எமன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாரு. உங்க ஃபிரண்டு வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. அந்த வண்டின்னா அப்பாவுக்கு மரியாதை.”

சிகாமட்டுக்கு ரயில் இருக்கிறதே, அதில் வந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பைக் ஓட்டுகிறவன் பெண்ணைப் பார்க்க ரயிலில் போனால் மானம் போய்விடுமாம். நண்பர் சாவியை எடுத்து நீட்டும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: “நேர் ரோட்டுல அது பாட்டுக்குப் போயிரும். திருப்புறப்பதான் பாத்துக்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சத்தம் எங்கள் குடியிருப்பான தாமானின் முனையிலேயே கேட்டது. கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகள் லேசாக நடுங்கின. அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அவரைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார். அதன் பெட்ரோல் டாங்கில் வெள்ளை வட்டத்துக்குள் பெரிதாக ஓர் எண் எழுதியிருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைத்து, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அம்மா தேத்தண்ணியும் உளுந்து வடையும் கொண்டுவந்து வைத்தார். அப்பா மிகவும் மரியாதையாகப் பேசினார். அளவுக்கு அதிகமான மரியாதை. வேலை எங்கே என்று கேட்கவில்லை, அம்மா அப்பா யார் என்று கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“உங்க ஆளுங்கள்லாம் வரலீங்களா, தம்பி?”

“அடுத்த வாட்டி எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரேன் அங்கிள்,” என்றார் அவர், தன் பெற்றோரையும் அத்தைமார்களையும் நினைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு.

அப்பா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அடுப்படியில் அம்மா நின்றிருந்தார்.

“வேணாம்மா,” என்றார் அப்பா.

“என்னாப்பா வேணாம்?”

“இந்தப் பையன் வேணாம்.”

“எதுக்குப்பா? சிலோன்காரங்க வீட்டுப் பிள்ளைன்னா?” அவர் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க வேலைக்கு வந்த குடும்பம், நாங்கள் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு பக்கத்திலும் அதைப் பற்றிப் பேச ஆட்கள் இருந்தார்கள்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. வேணாம்னா வேணாம்.”

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “ஊரான் வீட்டுப் பிள்ளைங்களயெல்லாம் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுறீங்க. சொந்தப் பிள்ளைய மட்டும் நடு ரோட்டுல எறக்கி விடுறீங்க,” என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பார்வையில் பிடிவாதம் இருக்கிறது என்று நினைத்தேன். அது பயம் என்று எனக்கு அப்போது படிக்கத் தெரியவில்லை.

முன்னால் வந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். வார்த்தை காதில் விழாவிட்டாலும் வீட்டின் காற்று மாறியது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “போய்ட்டு வரேன் அங்கிள்,” என்று அப்பாவுக்குத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். வடையில் பாதிகூடத் தின்னவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதுதான் கடைசித் தடவையாக இருக்கும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு ரோடு குறுகல். ஒரு பக்கம் திறந்த சாக்கடை ஓடும், லோங்காங் என்போம். அவர் வண்டியைக் கிளப்பி, அந்த இடத்திலேயே வளைத்துத் திருப்பப் பார்த்தார். ஜொகூர் பாருவிலிருந்து நேர் ரோட்டில் வந்தவருக்கு முன்னால் கால் நீட்டுவது பழகிவிட்டிருந்தது. ஆனால் பதற்றம் வந்தால் உடம்பு பழைய பழக்கத்துக்குத்தான் திரும்பும். கால் இரண்டும் ஸ்போர்ட்ஸ் பைக்கில் தேடுவது போல் பின்பக்கம் மிதியைத் தேடின. அங்கே மிதி இல்லை. காலை ஊன்றலாம் என்று நினைப்பதற்குள் அந்தக் கனத்த வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். எருமை படுக்க முடிவு செய்துவிட்டால் யாரால் நிறுத்த முடியும்? வண்டி லோங்காங் ஓரத்தில் மெதுவாகப் படுத்தது. அவர் லோங்காங்குக்குள் உட்கார்ந்தார்.

எதிர் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மலாய்க்காரர் “அலமாக்” என்று பதறி ஹோஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அவருக்கு முன்னால் என் அப்பா போய்விட்டார். முதலில் உள்ளே உட்கார்ந்திருந்தவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கால், கை, முதுகு எல்லாம் தொட்டுப் பார்த்தார். ஒரு சிராய்ப்புத்தான். அப்புறம் மூன்று பேருமாக முதுகைக் கொடுத்து வண்டியை நிமிர்த்தினார்கள்.

மூச்சு வாங்கிக்கொண்டே அப்பா கேட்டார், “தம்பி, உனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாதா?”

வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. எதை மறைத்து என்ன? “இது என் வண்டி இல்ல அங்கிள்,” என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரவல் வண்டியில் வந்து ஏமாற்றப் பார்த்தவன் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது, இனி எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“உன் வண்டி இல்லையா?”

“ஃபிரண்டு வண்டி. என்னோடது ஸ்போர்ட்ஸ் பைக். அது உங்களுக்குப் பிடிக்காதுன்னு இவங்கதான் சொன்னாங்க.” ஒரே மூச்சில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அதை இன்றுவரை நான் அவருக்கு நினைவூட்டி வருகிறேன்.

அப்பா டாங்கில் இருந்த எண்ணைக் காட்டினார். விரல் அதைத் தொடவில்லை. “அப்ப இந்த நம்பர்?”

“அதுவா? அவரு மக ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல கோல்கீப்பர் அங்கிள். அவ ஜெர்சி நம்பர். ஆசையா எழுதி வச்சிருக்காரு.”

ஈரக்கையை உதறிவிட்டு, சட்டைப்பையில் இருந்த போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். முழங்கை வரை வரும் கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பெண் பிள்ளை பல்லைக் காட்டிச் சிரித்தாள். சட்டையில் அதே எண். பக்கத்தில் அவளை விட அகலமாக, அவளை விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு நண்பர். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு லோங்காங் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்பாடா,” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆனது.

அந்த எண் என்னவென்று இங்கே எழுதமாட்டேன். இந்த நாட்டில் நம் ஆட்களுக்குச் சில எண்களைப் பார்த்தாலே பயம்தான். ரவுடி கேங்குகளுக்கு இங்கே எண்தான் பெயர். ஒரு தகப்பன் தன் மகளின் பெருமைக்காக எழுதி வைத்ததை, இன்னொரு தகப்பன் தன் மகளுக்கு வந்த கேடாகப் படித்துவிட்டார். ‘உங்க ஆளுங்க’ என்று அவர் கேட்டது அந்தக் கூட்டத்தைத்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்த டாங்கின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன். எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

சித்தப்பாவின் கதையை அப்பா அன்றுதான் எனக்குச் சொன்னார். “உன் சித்தப்பன் இந்த மாதிரி வண்டி பின்னால ஏறித்தான் போனான். நான் இங்க வேன் கழுவிக்கிட்டு இருந்தேன். சோபாவுல சாஞ்ச மாதிரி சாஞ்சிக்கிட்டு எனக்குக் கை காட்டுனான். நானும் காட்டுனேன். அதோட சரி. அவன் அவனுங்க ஆளு ஆயிட்டான்.” இறந்தது ஆக்சிடென்டில் அல்ல. சண்டையில்.

“சாவன்னிக்கு நீங்க அவங்களக் கும்புட்டீங்களேப்பா. நான் பாத்தேனே.”

“மரியாதைக்கா கும்புட்டேன்? வீட்டுல உங்கம்மா, நீ, எல்லாம் இருந்தீங்க. ஒரு வம்பும் பண்ணாம போயிருங்கப்பான்னு கும்புட்டேன்.”

கண்ணால் காண்பதும் பொய் என்று பள்ளியில் படித்ததோடு சரி. என் கண்ணே என்னை ஏமாற்றும் என்று நான் நினைக்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் கூப்பிய கைகளை நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அப்பாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

“ஸ்போர்ட்ஸ் பைக்க பாத்தா எமன்னு சொல்வீங்களே?” என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“எமன்கிட்ட போறவன் தனியா போறான்மா. மெதுவா போடான்னு சொன்னா ஒருவேளை கேப்பான். இவனுங்க வந்து கூட்டிக்கிட்டுல போவானுங்க.”

அதற்குள் அம்மா வாசலுக்கு வந்து, சேற்றோடு நின்றவரைப் பார்த்து, “உள்ள வாங்க தம்பி, வடை ஆறிப்போச்சு,” என்றார். எங்கள் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்பதை அம்மா அப்படித்தான் அறிவிப்பார். மாப்பிள்ளை குளித்துவிட்டு, அப்பாவின் கைலியைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் பனியனில் மேசைக்கு வந்தார். சட்டை பின்னால் கொடியில் காய்ந்தது. முகம் காட்ட வந்த வீட்டில் முதல் நாளே மாமனாரின் கைலியில் உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அப்பா வேலை என்ன, வீடு எங்கே, அம்மாவுக்கு சுகர் எப்படி இருக்கிறது என்று காலையில் கேட்காத கேள்விகளை எல்லாம் ஒன்று விடாமல் கேட்டார். எனக்குப் பசியே தெரியவில்லை. சும்மா சோற்றைப் பிசைந்துகொண்டு, இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

விஷயத்தைக் கேட்ட நண்பருக்குத்தான் மனம் கஷ்டமாகிவிட்டது. வண்டியில் விழுந்த கீறலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “எம் பிள்ளை நம்பரப் பாத்து ஒரு மனுஷன் பயந்துட்டாரே,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த தடவை பார்த்தபோது எண்ணைச் சுற்றி ஒரு பந்தும் இரண்டு கையுறைகளும் வரைந்திருந்தார். இளஞ்சிவப்பு நிறத்தில். அந்தக் கறுப்பு வண்டிக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. அவர் கவலைப்படவில்லை.

பெரியவர்களோடு வருவதற்கு முன்னால் இன்னொரு தடவை வரச் சொன்னார் அப்பா. “உன் வண்டியில வா,” என்று. இந்த முறை அவர் பின்னால் நானும் இருந்தேன். அப்பா நீல வண்டியைச் சுற்றி வந்தார். டாங்கைப் பார்த்தார், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டயரைக் காலால் தட்டினார். கடைசியில் பின் சீட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

“இதுலயா உக்காந்து வந்த?”

“ஆமாப்பா.”

“கல்லு மாதிரி இருக்கு. சாஞ்சிக்கக்கூட எடம் இல்ல.”

“இல்லப்பா. இவர கெட்டியா புடிச்சிக்கணும்.”

அப்பா கொஞ்ச நேரம் கையை அந்தச் சீட்டிலேயே வைத்திருந்தார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். “ஏத்துனா திருப்பிக் கொண்டாந்து வாசல்ல எறக்கணும். அவ்ளோதான்.”

“சரிங்க மாமா,” என்றார் அவர். அதுவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதும் நாங்கள் சிகாமட்டுக்கு அந்த வண்டியில்தான் போகிறோம். கார் வாங்கியாகிவிட்டது, இருந்தாலும் மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் இவருக்கு யோசிக்காமல் இருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. குரூசர் வாங்குங்கள், நானும் கச்சான் தின்றுகொண்டு வருகிறேன் என்று சண்டை போடுகிறேன். ஆனால் எங்கள் சத்தம் முனையில் கேட்டதும் அப்பா கேட்டுக்கு வந்துவிடுவார். இவர் முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் பின் சீட்டைப் பார்ப்பார். நான் இருப்பேன். அதற்கப்புறம்தான் கேட்டைத் திறப்பார்.

சாயங்காலம் பெர்மாஸ் ஜெயா வந்து சேர்ந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றுகிறேனோ இல்லையோ, வாசலில் நின்றபடியே போன் போடுவேன்.

“எறங்கிட்டியா?” என்பார்.

“எறங்கிட்டேன்பா. கதவத் தொறந்தாச்சு.”

“சரி,” என்று வைத்துவிடுவார். அந்த போன் வரும் வரைக்கும் அங்கே அவர் கேட்டைச் சாத்துவதில்லை என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.